நொய்யல் நுரை: சாயமா, சாக்கடையா?

சென்னிமலைக்காரன்:
நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார்: "2011-லேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குப் பூட்டு போட்டாகிவிட்டது. இப்போது நொய்யல் ஆற்றில் வருவது வெறும் வீட்டுச் சாக்கடை. ஊருக்கு ஊர் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் தீர்ந்தது." நொய்யல் குறுக்கே இருக்கிற ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் ஒருநாள் வந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் முழங்கால் உயரத்துக்கு நுரை. வீட்டுச் சாக்கடை இப்படி நுரைக்குமா?

சூலூர்க் குளத்தேரி:
அந்த மேதாவி நான்தானுங்க. நுரைக்கும். வீடு வீடாகத் துணி துவைக்கிற பவுடர் எங்கே போகிறது? சுத்தம் செய்யாத சாக்கடை தடுப்பணையில் விழுந்தால் நுரைதான். பட்டறைகளை மூடச் சொன்ன 2011 ஐகோர்ட் தீர்ப்புக்கு அப்புறம், மறுபடி ஓட்டுகிறவர்கள் சாயத்தண்ணீரை ஆர்ஓ என்கிற சவ்வு வடிகட்டியில் வடிகட்டி, மிச்ச உப்புத்தண்ணீரைக் காய்ச்சி, ஒரு சொட்டுகூட வெளியே விடாமல்தான் பட்டறை ஓட்ட வேண்டும்.

சென்னிமலைக்காரன்:
விதி இருக்கிறது, சரி. அப்புறம் நுரை ஏன் இருக்கிறது?

கணக்குவாத்தி:
நுரையை விடுங்கள். முதலில் 'சுத்தம்' என்றால் என்ன? ஊர்ச் சாக்கடை நிலையத்தில் காற்று ஊதுவார்கள், பாக்டீரியா கழிவைத் தின்னும், பிஓடி, அதாவது அழுகும் கழிவின் அளவு, குறையும். கரைந்த உப்பை அது தின்னாது. அந்தக் கரைந்த உப்பின் அளவுதான் டிடிஎஸ்; லிட்டருக்கு 2100 மில்லிகிராம் டிடிஎஸ் என்ற வரம்பு வேறு கணக்கு.

சென்னிமலைக்காரன்:
வாத்தியாரே, பாடம் வேண்டாம். 1992-ல் பாசனத்துக்குக் கட்டிய அணை இது. தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கோர்ட்டுக்குப் போன அணை. போன வாரம் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். நுரை பறந்து வந்து ஹேண்டில்பாரில் ஒட்டியது. தொட்டால் வழுக்கல், முட்டை அழுகின நாற்றம். சோப்பு வாசமே இல்லை!

சூலூர்க் குளத்தேரி:
முட்டை நாற்றம் சாக்கடைக்குத்தான் அண்ணா வரும். நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

சென்னிமலைக்காரன்:
ஆற்றின் மேல்பக்கம் இருந்து கழுவி விடுகிறவர்களுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறவன் மூக்கைப் பற்றிப் பேச்சு எதற்கு?

பேரூராட்சிவாசி:
எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடையே கிடையாது. செப்டிக் டேங்க் லாரி ராத்திரி ஓடைக்குள் திறந்துவிட்டுப் போகிறது. கருங்குழியில் லாரிக்கழிவுக்கென்றே தனி நிலையம் 2017-லேயே வந்துவிட்டது. அதைப் பேசுங்களேன்.

சென்னிமலைக்காரன்:
கருங்குழி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. நுரை இங்கே இருக்கிறது.

சூலூர்க் குளத்தேரி:
பவானித் தண்ணீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் ஜென்மத்துக்கும் வராது என்று சத்தியம் செய்தவர்தானே நீங்கள்? 2024-ல் திறந்தார்கள். அதற்கே இன்னும் பதில் சொல்லவில்லை.

சென்னிமலைக்காரன்:
அதில் உங்கள் குளம் நிரம்பியதா? பேச்சை மாற்றாதீர்கள்.

கணக்குவாத்தி:
சாயப்பட்டறையிலும் சோப்பு உண்டு, வீட்டிலும் உண்டு. நுரையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மறுபடியும் சொல்கிறேன், டிடிஎஸ் பாருங்கள்.

சென்னிமலைக்காரன்:
மீட்டர் உங்களிடம் இருக்கிறது, தோட்டம் என்னிடம் இருக்கிறது. கிணற்றுமேட்டில் வெள்ளை பூத்திருக்கிறது, அதற்கு எந்த மீட்டரும் வேண்டாம்.

கணக்குவாத்தி:
அதைத்தானே நான் உப்பு என்கிறேன்!

சென்னிமலைக்காரன்:
நான் நுரையைக் கேட்டேன்.

சூலூர்க் குளத்தேரி:
பவுடர், அண்ணா. பவுடர்.