ஆக்சிஜன் இல்லாத வளர்ப்பில் எம்.ஆர்.என்.ஏ அரை ஆயுள் ஏன் மாறி மாறி வருகிறது?

கேள்வி (நாகர்கோவில்):
கதம்பை ஊறும் காயல் சேற்றுக்குப் போகுமுன் ஈ.கோலை பாக்டீரியாவில் பழகுகிறோம். நைட்ரஜன் நிரப்பிய சீசா, புது எம்.ஆர்.என்.ஏ உருவாவதை நிறுத்த ரிஃபாம்பிசின் மருந்து. ஒரே ஜீனின் எம்.ஆர்.என்.ஏ (ஜீனின் நகல்) பாதியாகச் சிதைய ஒருநாள் 3 நிமிஷம், மறுநாள் 7. எங்கே தப்பு அண்ணே?

பதில் (தக்கலை):
மாதிரி எடுக்கையில் காற்று புகுது மக்கா. மூடியைத் திறக்காதே. சிரிஞ்சை நைட்ரஜனால் மூணு தடவை கழுவி, ரப்பர் மூடியில் குத்தி எடு. ரிஃபாம்பிசின் கரைசலிலும் நைட்ரஜன் ஊது. 0, 2, 4, 8, 16 நிமிஷத்தில் 1 மி.லி. எடுத்து, 5% ஃபீனால் கலந்த குளிர்ந்த எத்தனால் 125 மைக்ரோலிட்டரில் உடனே கல. தாமதித்தால் ஆர்.என்.ஏஸ் என்ற நொதி குழாய்க்குள்ளேயே ஆர்.என்.ஏவை வெட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் பட்டால் நிறம் காட்டும் ரெசாசூரின் சாயம் போட்ட சீசா ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இளஞ்சிவப்பானால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடு.

பதில் (குளச்சல்):
இன்னொன்று: ரிஃபாம்பிசின் படியெடுப்பின் (ஜீனிலிருந்து எம்.ஆர்.என்.ஏ உருவாவதன்) தொடக்கத்தை மட்டும்தான் தடுக்கும். ஏற்கெனவே ஓடும் பாலிமரேஸ் (படியெடுக்கும் நொதி) ஜீனை முடித்துவிட்டுத்தான் நிற்கும். நீண்ட ஜீனின் 3' முனையில் (படியெடுப்பு முடியும் பக்கம்) அளப்பதற்கான பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ துண்டை வைத்தால் முதல் நிமிஷத்தில் அளவு குறையவே குறையாது, அரை ஆயுள் கூடித் தெரியும். தொடங்கும் 5' பக்கம் வையுங்கள்.

மைக்ரோஸ்கோப்பிலும் பாருங்கள். காற்றில்லாதபோது டிக்எஃப் என்ற சிறு ஆர்.என்.ஏ சிதையாமல் நின்று செல் பிரிய வேண்டிய எஃப்டிஎஸ்ஸெட் புரதத்தை அடக்குவதால், செல்கள் பிரியாமல் நூலாக நீளலாம். அப்போது ஓ.டி.யை (வளர்ப்பின் கலங்கல் அளவை) வைத்துச் செல் எண்ணிக்கை போடக் கூடாது.