காவிரி தெற்கு சரணாலயம்: பேரு மட்டும் போதுமா?

ராகிக்காடு: 2022ல அறிவிச்சாங்க, கிருஷ்ணகிரி தர்மபுரி சேந்து 686 சதுர கிலோமீட்டர், சரி, காசு? எங்க வெள்ளாமைக் காட்ட ஒட்டி யானை வராம இருக்க வெட்டின பள்ளம் மழைல மண்ணு சரிஞ்சு முழங்கால் ஆழம்தான் இருக்கு, போன வாரம் நாலு யானை அப்படியே நடந்து வந்து பால் பிடிச்ச கதிர மேஞ்சுட்டு போச்சு. நிதி கேட்டு யாருக்கு மனு குடுக்கறது?

தளிக்காரன்: திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுங்க, நகல் ஓசூர் டிஎஃப்ஓவுக்கு (மாவட்ட வன அலுவலர்). பள்ளத்தோட போட்டோ வைங்க, வெறும் பேப்பர யாரும் படிக்கமாட்டாங்க.

பென்னாகரம்_அக்கா: சரணாலயம்னாலே ஆடு மேய்க்க விடமாட்டாங்கன்னு எங்க ஊர்ல கடுப்பு தம்பி, அதையும் எழுதுங்க. ஆனா காடு வேணும், அந்தப்பக்கம் கர்நாடகா காவிரி சரணாலயத்தோட ஒட்டின காடு இது, யானைக்கு பார்டர் தெரியுமா என்ன.

ராகிக்காடு: சரிங்கக்கா, வேட்டை தடுப்பு காவலருக்கு ஆள் சேக்கணும்னும் எழுதறேன்.