கார்பன் பெயின்ட் கோடு: சிவப்பு எல்இடி மங்கல், நீலம் எரியவே இல்லை

கேள்வி:
வணக்கம். 9, 10 வயதுப் பிள்ளைகளுக்காக, மடிக்கும் அட்டையில் மின்சாரம் கடத்தும் கார்பன் பெயின்ட்டால் வரைந்த மின்சுற்று. சிஆர்2032 பட்டன் செல், 5 மி.மீ. எல்இடி. இரண்டு கோடுகளும் தலா 15 செ.மீ. நீளம், 3 மி.மீ. அகலம். சிவப்பு மங்கலாக எரிகிறது, நீலம் துளிகூட இல்லை. செல்லை எல்இடி கால்களுக்கு நடுவில் செருகினால் இரண்டுமே பளிச்சென்று எரிகின்றன. அட்டையை மடித்தால் சிவப்பும் அணைந்துவிடுகிறது. 9 வோல்ட் பேட்டரி போடலாமா?

பதில் 1:
வேண்டாம். கோடு குட்டையாக இருக்கும் அட்டையில் அது எல்இடியைக் கருக்கிவிடக்கூடும்.

செல், எல்இடி இரண்டிலும் குறையில்லை. கோடுதான் காரணம். கோட்டை அதன் அகலத்துக்குச் சமமான சதுரங்களாக மனதில் வெட்டிப் பாருங்கள். 15 செ.மீ.க்கு 3 மி.மீ. என்றால் 50 சதுரம். இவ்வகைப் பெயின்ட்டுக்குச் சதுரத்துக்கு 55 ஓம் மின்தடை என்று வைத்தால் ஒரு கோடு 2750, இரண்டும் சேர்ந்து 5500 ஓம். செல்லின் 3 வோல்ட்டில் சிவப்புக்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் போக மீதி 1.2 வோல்ட், ஓடுவது 0.2 மில்லி ஆம்பியர்தான். நீலத்துக்கே 3 வோல்ட் அளவு தேவை, செல்லில் இருப்பதும் 3. கோட்டில் இழக்க எதுவும் மிஞ்சாது.

கோட்டை 4 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலமாக்குங்கள். இரண்டு கோடும் சேர்ந்தே 440 ஓம்தான். காய்ந்தபின் இன்னொரு பூச்சு கொடுத்தால் கிட்டத்தட்ட பாதியாகும். ஈரத்தில் மல்டிமீட்டர் (மின்தடை அளக்கும் கருவி) வைத்து ஏமாறாதீர்கள்; நீர் வற்றி கார்பன் துகள்கள் நெருங்கிய பிறகுதான் மின்தடை இறங்கும். மடிப்பில் பெயின்ட் விரிசல் விடும், அந்த இடத்தில் மட்டும் செம்பு டேப் ஒட்டி இரு முனைகளிலும் பெயின்ட்டை டேப்பின் மேல் ஏற்றிப் பூசுங்கள்.

என்னைக் கேட்டால் அந்த மங்கலான அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். குட்டைக் கோட்டு அட்டையைப் பக்கத்தில் வைத்தால் மின்தடைக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

கேட்டவர்:
மாற்றியாயிற்று, சிவப்பு நன்றாக எரிகிறது. ஆனால் ஓர் அட்டையில் ஒன்றுமே இல்லை. புதுச் செல் மறுநாளே காலி.

பதில் 2:
செல்லின் விளிம்பைப் பாருங்கள். மேல்பக்க நேர்முனை உலோகம் பக்கவாட்டிலும் இறங்கி வந்திருக்கும். அடியில் நடுவட்டம் மட்டுமே எதிர்முனை. எதிர்முனைக் கோடு தடிமனாக விளிம்பைத் தாண்டும் இடத்தில் பெயின்ட் நேர்முனை, எதிர்முனை இரண்டையும் தொட்டுவிடும். மின்சாரம் எல்இடிக்குப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் 1 செ.மீ. வட்டம் மட்டும் பூசி, கோடு விளிம்பைக் கடக்கும் இடத்தில் செலோடேப் ஒட்டுங்கள். செல் 20 மி.மீ. அகலம், இடம் தாராளம்.

எல்இடி கால்களையும் நேராக ஒட்டாதீர்கள். சிறு வளையமாகச் சுருட்டி அதன்மேல் பெயின்ட் வைத்து முழுக்கக் காயவிட்டால் பிடிப்பு நிற்கும். நீளமான கால் நேர்முனைக்கு.

பதில் 1:
நீலமும் சிவப்பும் அதே இரு கோடுகளுக்கு நடுவே அருகருகே, பக்க இணைப்பாகக் கொடுத்தால் சிவப்பு மட்டுமே எரியும். தனித்தனிக் கோடு போடுங்கள். பட்டன் செல்லை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். யாராவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனை, காத்திருக்கக் கூடாது.