ஒரு வருஷமாக நிற்கும் கேரவன் கிளம்புமா?

கேள்வி (2021-இல் கேட்டது): பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கிய கேரவன் (பயணத்தில் தங்கும் வீட்டு வண்டி), 2020 மார்ச்சிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. எனக்கு 71 வயது. தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டாச்சு. தினமும் வரைபடத்தை விரிப்பதும் மடிப்பதுமாக இருக்கிறேன். கொரோனா கட்டுப்பாடு தளர்ந்ததும் கிளம்பிவிடலாமா? டயர் தேயவே இல்லை.

பதில்: தேய்மானத்தை மட்டும் நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1814 என்றால் 2014-இன் 18-ஆவது வாரத்தில் தயாரானது. ஓடாவிட்டாலும் ரப்பர் விரிசல் விடும்.

இன்னொருவர்: பேட்டரி? என்னுடையது சார்ஜ் போடாமல் கிடந்தே செத்துவிட்டது. அப்புறம், தண்ணீர்த் தொட்டியையும் கழுவுங்கள்.

கேட்டவர்: பார்த்தேன், 1113! சரி, டயரை மாற்றிவிடுகிறேன். முதல் பயணம் ஒரே ஒரு இரவுதானாம், மனைவியின் நிபந்தனை.