மெமரி லீக்குக்கு ரீபூட் போதாதா? (சிவிஇ-2016-0728)

கேள்வி: லினக்ஸ் 3.10 கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் சர்வரில் பாதுகாப்பு ஸ்கேனர் சிவிஇ-2016-0728 என்ற குறையைக் காட்டுகிறது. வெறும் லீக்தானே, அவ்வப்போது ரீபூட் செய்தால் போதாதா?

பதில் 1: போதாது. இங்கே கசிவது ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, அதாவது ஒன்றை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற கணக்கு. ஒரு புராசஸ் தன் செஷன் கீரிங்கையே (சாவிகளை வைக்கும் கெர்னல் பெட்டகம்) அதே பெயரில் மறுபடி கேட்டால், கெர்னல் எண்ணிக்கையை ஏற்றும், இறக்க மறந்துவிடும். அது 32 பிட். சுமார் 429 கோடி அழைப்புகளில் சுழன்று பூஜ்யமாகும், கீரிங் விடுவிக்கப்படும். ஆனால் அதைக் காட்டும் பாயிண்டர் (நினைவக முகவரி) அப்படியே இருக்கும். அந்த இடத்தில் தன் தரவை நிரப்புபவருக்கு ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் கிடைக்கலாம். எஸ்மெப் (பயனர் பகுதியிலுள்ள கோடை கெர்னல் இயக்காமல் தடுக்கும் பிராசசர் வசதி) இருந்தால் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

பதில் 2: பாதிப்பு கெர்னல் 3.8 முதல். திருத்தமோ விட்டுப்போன ஒரே ஒரு விடுவிப்பு அழைப்பு! டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வெளியீடுகள்) பழைய பதிப்பு எண்ணிலேயே பேட்ச் தருவதால் 3.10 என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கெர்னல் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றப் பட்டியலில்) சிவிஇ எண்ணைத் தேடுங்கள்.

பதில் 1: அப்டேட்டுக்குப் பின் ரீபூட் அவசியம். இல்லையேல் ஓடுவது பழைய கெர்னலே.