கழுத்துத் தண்டுவட அழுத்தம்: விலங்கு மாதிரிகளோடு எங்கள் அனுபவம்

ஆய்வு மாணவி:
மனிதருக்குக் கழுத்தில் தண்டுவடம் மெல்ல நெருக்கப்படும் நோயை விலங்கின் உடலில் உருவாக்கிப் படிப்பதையே விலங்கு மாதிரி என்கிறோம். முனைவர் பட்ட ஆய்வுக்காக எலிகளின் கழுத்தில் நாட்பட்ட தண்டுவட அழுத்தத்தை உண்டாக்கிப் பார்த்த அனுபவம் இது. நாங்கள் பின்பற்றியது 2004இல் ஜப்பானியக் குழு ஒன்று வெளியிட்ட முறை. நீரை உறிஞ்சி உப்பும், யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைத் தகட்டை 5, 6ஆம் கழுத்து முள்ளெலும்புகளின் பின்வளைவுக்கு அடியில் செருக வேண்டும். ஒரு நாளில் அதன் கன அளவு இரு மடங்குக்கும் மேலாகிவிடும். தண்டுவடத்தின் மேல் எடையைப் போட்டு அடிக்கும் மாதிரிகளில் எலி கண்விழிக்கும்போதே கால் விளங்காமல் கிடக்கும். இங்கோ மயக்கம் தெளிந்த எலி மறுநாளே கூண்டுக் கம்பியைப் பற்றி ஏறியது. செருகும்போது கை சற்று நடுங்கினாலும் தண்டுவடம் அடிபட்டு அது திடீர்க் காயமாகிவிடும். அப்படி முன்னங்காலை இழுத்துக்கொண்டு எழுந்த ஒன்றை நான் கணக்கிலிருந்து நீக்க நேர்ந்தது.

இயக்கம் தளர ஏறத்தாழ 17 வாரங்கள் ஆகும் என்று படித்திருந்தும், தகடு இடம் நழுவிவிட்டதோ என்ற ஐயம் பல வாரங்கள் என்னை விடவில்லை. நான் முதலில் கவனித்த மாற்றம் நடையில் இல்லை. சூரியகாந்தி விதையை இரு முன்பாதங்களிலும் ஏந்தி, உருட்டி, தோலுரித்துத் தின்னும் எலி, ஒருநாள் விதையைத் தரையில் போட்டு வாயாலேயே கவ்வியது. கம்பிவலையில் நடக்கவிட்டபோது பாதம் இடைவெளியில் நழுவத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கால்நுனியில் நடக்கும் ஜப்பானியச் சுண்டெலி வகையில் மரபணுப் பிழையால் எலும்பு தானே வளர்ந்து தண்டுவடத்தை நெருக்கும் என்பதால் கத்தியே தேவையில்லை. ஆனால் நெருக்கடி எங்களுக்கு வேண்டிய கீழ்க்கழுத்தில் அல்லாமல் கழுத்தின் உச்சியில், முதல் இரண்டு எலும்புகளருகே நேர்கிறது என்பதால் அதை விட்டுவிட்டோம்.

கால்நடை மருத்துவர்:
நாய்களில் இதை யாரும் உண்டாக்க வேண்டியதில்லை. என்னிடம் வந்த நடுவயது டாபர்மேன் ஒன்று பின்னங்கால்களை அகட்டி, குடித்தவனைப் போலத் தள்ளாடியது. வீட்டார் இடுப்பில் கோளாறு என்றே நம்பியிருந்தார்கள். நெருக்கமோ கீழ்க்கழுத்தில், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டில் இருந்தது. வயதும் வட்டுத் தேய்மானமும் சேர்ந்து வரும் இந்நோய், எலியின் தகட்டைவிட மனித நோய்க்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

முதுகெலும்பு அறுவை மருத்துவர்:
மாணவி குறிப்பிட்ட விதையைப் படித்ததும் என் நோயாளிகள் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது நினைவுக்கு வந்தது. அவர்களும் நடையைவிட முன்னதாக அதைத்தான் சொல்வார்கள். ஆயினும் எலியின் முடிவுகளை அப்படியே நம்பி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அழுத்தம் நீக்கும் அறுவையோடு ரிலுசோல் என்ற நரம்பு காக்கும் மருந்தைத் தந்தால் எலிகள் நன்கு தேறுகின்றன என்று 2015இல் டொரோண்டோ குழுவினர் காட்டியபோது மிகவும் மகிழ்ந்தேன். 300 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது: ஆறாம் மாதத்தில் செயல்திறனில், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற குழுவைவிட மேம்பாடு இல்லை. உடலமைப்பின் வேறுபாடும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இயக்கக் கட்டளைகளைச் சுமக்கும் நரம்புப் பாதையின் பெரும்பகுதி எலிக்குத் தண்டுவடத்தின் பின்புறத்தில், தகடு அழுத்தும் அதே பக்கத்தில் ஓடுகிறது. நமக்கு அது பக்கவாட்டில் இருக்க, நெருக்கம் பெரும்பாலும் முன்னாலிருந்து வருகிறது.