ஸ்டென்ட் வைக்கவா, மாத்திரையிலயே ஓட்டவா?

மஞ்சக்குப்பம் டெய்லர்:
வயசு 59. கடை மஞ்சக்குப்பம், வீடு திருப்பாப்புலியூர். ஒரு மாசமா கெடிலம் பாலத்துல சைக்கிள் மிதிச்சு ஏறினா நடு நெஞ்சுல இறுக்கம், இன்ச் டேப்பைச் சுத்தி இழுத்துப் பிடிச்ச மாதிரி. இறங்கித் தள்ளினா ரெண்டு நிமிஷத்துல விட்டுடும். நாள் பூரா மிஷின் மிதிக்கிறேன், அப்ப ஒண்ணும் இல்ல.

போன வாரம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஆஞ்சியோ, அதான் இதய ரத்தக்குழாய்ல மருந்து விட்டு அடைப்பைப் பாக்கற படம். வலது ரத்தக்குழாய்ல 80 சதவீதம் அடைப்பு. இடது மெயின் குழாய் சுத்தம், இதயம் ரத்தத்தைத் தள்ற பம்பிங் 60 சதவீதம், அது நார்மலாம். நான் டேபிள்ல கிடக்கும்போதே வெளியில வீட்டம்மாகிட்ட "இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாம், கையெழுத்துப் போடுங்க"ன்னு கேட்டிருக்காங்க. ஸ்டென்ட்னா அடைப்பை விரிச்சுப் பிடிக்கற சின்னக் கம்பிவலைக் குழாய். "அவரு எழுந்து வரட்டும்"னுட்டா. காய்கறி வாங்கவே போன் போட்டு மூணு தடவை கேக்கறவ!

இன்னொரு டாக்டர் மாத்திரை போட்டுப் பாக்கலாங்கறார். குடலிறக்க ஆபரேஷன் வேற பாக்கி இருக்கு. என்ன செய்யலாம்?

வில்லியனூர் வாத்தியார்:
சார், நான் வெச்சுக்கிட்டேன். நாலு மாசம் மாத்திரை சாப்பிட்டும் பள்ளிக்கூட மாடி ஏற முடியல, இப்ப ஏறுறேன். செலவுல ஒண்ணு கவனிங்க. 2017ல மத்திய அரசு உச்சவரம்பு போட்டது ஸ்டென்ட் விலைக்குத்தான், மொத்த பில்லுக்கு இல்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா முன்னாடியே கேட்டு வைங்க.

கேத்லேப்ல (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யற அறை) முன்னாடி வேலை பாத்த நர்ஸ்:
அண்ணே, அண்ணி செஞ்சது சரி. மாரடைப்பு வந்து டேபிள்ல ஏத்தினா நிமிஷக் கணக்கு. உங்களுது மிதிச்சா வருது, நின்னா போகுது. யோசிக்க நேரம் இருக்கு.

2020ல வந்த 'இஸ்கீமியா'ங்கற ஆய்வுல உங்களை மாதிரி 5,179 பேர். இடது மெயின்ல அடைப்பு இருந்தவங்க, பம்பிங் ரொம்பக் குறைஞ்சவங்களை அதுல சேக்கல. ஸ்டென்ட்டோ பைபாஸோ செஞ்சவங்களுக்கும், மாத்திரையில ஆரம்பிச்சவங்களுக்கும் சாவுல வித்தியாசம் இல்ல. ஆனா அடிக்கடி வலி வந்தவங்களுக்கு, செஞ்சதுல வலி நல்லாக் குறைஞ்சுது. வாத்தியார் சார் சொல்றதும் அதான். ஸ்டென்ட் திறக்கறது ஒரு இடத்தை. மாரடைப்பு வேற இடத்துல இருக்கற சின்னக் கொழுப்புத் திட்டு வெடிச்சும் வரும், அதுக்குத்தான் கொழுப்பு மாத்திரை. அது ரெண்டு வழியிலயும் உண்டு.

உங்க கேள்வியில பெரிசு கடைசியில சொன்ன குடலிறக்க ஆபரேஷன்தான். ஸ்டென்ட் வெச்சா ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை, உங்களை மாதிரி ஆளுக்குப் பொதுவா ஆறு மாசம். ஆபரேஷனுக்காக நடுவுல நிறுத்தினா ஸ்டென்ட்டே அடைச்சுக்கலாம். குடலிறக்கம் அதுவரைக்கும் காத்திருக்குமான்னு ரெண்டு டாக்டரையும் கேளுங்க.

சும்மா உக்காந்திருக்கும்போது வலி வந்தாலோ, வேர்த்துக் கொட்டினாலோ யாரையும் கேக்காதீங்க, 108 கூப்பிடுங்க.

மஞ்சக்குப்பம் டெய்லர்:
குடலிறக்கத்தைப் பத்தி ஆஸ்பத்திரில யாரும் கேக்கல, நானும் வாயைத் திறக்கல. ஆஞ்சியோ சிடியை எடுத்துக்கிட்டு செவ்வாய்க்கிழமை ஜிப்மர் போறேன். அதுவரைக்கும் மாத்திரைதான். சைக்கிளைக் கடையில பூட்டி வெச்சாச்சு. சாவி வீட்டம்மாகிட்ட.